பதினோரு சிவப்பு வில்லைகளும் மேடையில் முதலில் ஏறும் ஆடும்

அனுப்புநர்
பால் வழங்குவோர் பதிவு எண் 212-இன் இளைய மகள்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி,
செம்மறிப் பட்டி, சரிவுச் சாலையின் கடைசி வீடு.

பெறுநர்
கால்நடை நல அலுவலர் அவர்கள்,
கால்நடை நல அலுவலகம், இரண்டாம் தளம்,
சந்தைச் சாலை.

பொருள்: மடிநோய் காரணமாகச் சிவப்பு வில்லை இடப்பட்ட பதினோரு செம்மறி ஆடுகளை இம்மாதம் 30-ஆம் தேதிக்குள் இறைச்சிக்கு விற்று அகற்றும் ஆணையை நிறுத்தி வைத்து, மறுபரிசோதனை செய்யக் கோருதல், என் அம்மா மீது எழுதப்பட்ட ஒரு வரியைத் திருத்தக் கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலக ஆணை, நாள் 20-5.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

ஆணையில் உள்ள கையொப்பத்தைக் கொண்டு தாங்கள் யார் என்று என்னால் அறிய இயலவில்லை. ஆகவே இரண்டையும் எழுதியுள்ளேன். பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. எங்களிடம் முப்பத்து நான்கு கறவைச் செம்மறிகள் உள்ளன. காலை ஐந்தரை மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கறவை நடக்கும். அம்மா கறக்கிறார். அக்கா ஆடுகள் ஏறி நிற்கும் கறவை மேடையின் கதவைத் திறந்து மூடுகிறார். நான் காது எண்ணைப் பார்த்துப் பாலின் அளவைக் குறிக்கிறேன். அப்பா லாரி ஓட்டுநர் என்பதால் மாதத்தில் பாதி நாள் சாலையிலேயே இருப்பார். எங்கள் பால் சேகரிப்பு நிலையம் வழியாகப் பாலாடைக்கட்டிப் பட்டறைக்குச் சென்றுகொண்டிருந்தது. கடந்த மாதம் 20-ஆம் தேதி முதல் ஒரு கேன்கூடச் செல்லவில்லை. நோயில்லாத இருபத்து மூன்று ஆடுகளின் பாலும் பக்கத்துப் பன்றிப் பண்ணைக்குப் போகிறது. பன்றிகள் நன்றாக இருக்கின்றன.

2. அந்த 20-ஆம் தேதி தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர் மிகவும் பொறுமையானவர் என்பதை முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன். பாலைத் தட்டில் பீய்ச்சி, நீல நிறக் கரைசலை ஊற்றி, மெதுவாகச் சுழற்றிக் காட்டினார். நோயுள்ள பால் கஞ்சிபோல் கெட்டியாகும், நல்ல பால் தண்ணீராகவே ஓடும் என்று எனக்கு விளக்கினார். தட்டில் நான்கு குழிகள் இருந்தன. செம்மறிக்கு இரண்டு காம்புகள்தானே என்று கேட்டேன். "தட்டு மாட்டுக்காகச் செஞ்சது பாப்பா. நமக்கு லாபம், ஒரே தட்டுல ரெண்டு ஆடு பாத்துடலாம்" என்றார். பதினோரு ஆடுகளின் பால் கெட்டியானது. அந்தப் பதினோரு ஆடுகளின் காதிலும் சிவப்பு வில்லை குத்திவிட்டு, அறிக்கையை எழுதி, அம்மாவிடம் கையொப்பம் வாங்கிச் சென்றார். அம்மா அன்று கண்ணாடி அணிந்திருக்கவில்லை. அறிக்கையின் நகல் ஒரு வாரம் கழித்து வந்தபோதுதான் நான் அதைப் படித்தேன்.

3. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், "உரிமையாளர் தாதுஉப்புக் கலவையைப் பெற மறுத்துள்ளார், ஊட்டக்குறைவும் பராமரிப்பில் அலட்சியமும் நோய்க்குக் காரணம்" என்று உள்ளது. என் முதல் முறையீடு இந்த வரியைப் பற்றியது.

4. சேகரிப்பு நிலையத்தின் கிடங்கிலிருந்து செம்மறிக்கான தாதுஉப்புக் கலவை மாதம் ஒரு மூட்டை எங்களுக்கு வரும். இந்த வருடம் இரண்டாம் மாதம் முதல் அது வரவில்லை. எங்கள் ஆடுகள் மூன்றாம் மாதம் குட்டி போட்டவை. வயிற்றில் குட்டி வேகமாக வளர்ந்த கடைசி வாரங்களிலும், மடி சுரக்கத் தொடங்கிய நாட்களிலும் அவை போன வருடத்து வைக்கோலைத்தான் பெரும்பாலும் தின்றன. அம்மா நான்கு முறை கிடங்குக்குச் சென்றார். நான்காம் முறை நானும் உடன் சென்றேன். கிடங்கில் இருப்பவரை எல்லோரும் 'மூட்டை மாமா' என்றே அழைப்பதால் நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். அவர் மாட்டுக்கான கலவையை எடுத்து வைத்தார்.

அப்போது நடந்த பேச்சை நான் கேட்டபடியே எழுதுகிறேன்.

"உப்புன்னா எல்லாம் உப்புதானே அக்கா. மாடு திங்கறத ஆடு தின்னா என்ன, கொம்பா முளைக்கப் போகுது?" என்றார்.

"கொம்பு முளைச்சாப் பரவாயில்ல தம்பி. ஈரல் போயிடும். இதுல தாமிரம் இருக்கு" என்றார் அம்மா.

"எனக்குத் தெரிஞ்சது ரெண்டே கட்டம். வாங்கினாங்க, வாங்கல. எதுல டிக் போடட்டும்?"

"வாங்கலன்னே போடு."

அவர் "பெற மறுத்தார்" என்ற கட்டத்தில் டிக் போட்டார். அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் ஆய்வாளர் தம் அறிக்கையை எழுதியிருக்கிறார் என்று நம்புகிறேன். மூட்டை மாமா மீது எனக்குக் கோபம் இல்லை. அவரது பதிவேட்டில் உண்மையிலேயே இரண்டு கட்டங்கள்தான் உள்ளன.

5. மாட்டுக்கான கலவையில் சேர்க்கப்படும் தாமிரம் செம்மறியின் ஈரலில் தேங்கி, ஒருநாள் திடீரென்று ஆட்டைக் கொன்றுவிடும். இதை உறுதி செய்ய எங்கள் பள்ளி நூலகத்தில் தேடினேன். கால்நடை என்ற அலமாரியில் மூன்று நூல்கள் உள்ளன. இரண்டு பசுவைப் பற்றியவை. மூன்றாவது கோழியைப் பற்றியது. பிறகு தங்கள் அலுவலகமே வெளியிட்ட கையேடு எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கிடைத்தது. அதன் பதினான்காம் பக்கத்தில், "மாட்டுக்கான தாதுஉப்புக் கலவையைச் செம்மறிக்கு எக்காரணம் கொண்டும் அளிக்கலாகாது" என்று தடித்த எழுத்தில் உள்ளது. பசு வளர்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு காலிச் சாக்கைக் கொடுத்தார். அதன் மீதும் அதே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் சொல்லியிருப்பதைத்தான் அம்மா செய்தார். அதற்கு அலட்சியம் என்று பெயரிட்டிருப்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.

6. இதுவரை எழுதியது மற்றவர்கள் தவறைப் பற்றியது. இனி எழுதப்போவது எங்கள் தவறு. இதை மனுவில் சேர்க்கலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் இரண்டு நாட்கள் பேச்சு நடந்தது. "மனு எழுதறியா, வாக்குமூலம் குடுக்கறியா?" என்று அக்கா கேட்டார். அம்மா, "அறிக்கையில பாதி உண்மை எழுதினாங்கன்னுதானே நமக்குக் கோவம். நாமளும் பாதிதான் எழுதுவோமா?" என்றார். ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்.

7. ஆய்வாளரின் பட்டியலில் ஆடுகள் காது எண் வரிசையில் இருந்தன: 03, 07, 08, 12 என்று. அதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் ஒரே பட்டி, ஒரே வைக்கோல், ஒரே தண்ணீர். பதினொன்றுக்கு மட்டும் ஏன் வர வேண்டும்? பிறகு அதே எண்களை என் கறவைக் குறிப்பேட்டில் உள்ளபடி, மேடையில் ஏறும் வரிசையில் மாற்றி எழுதினேன். எங்கள் ஆடுகள் பள்ளியின் காலைக் கூட்டத்தைவிட ஒழுங்கானவை; வரிசை மாறுவதே இல்லை. அப்படி எழுதியபோது நோயுள்ளவை 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 10, 11, 14 ஆகிய இடங்களில் நின்றன. அதற்குப் பின் ஒன்றுகூட இல்லை.

8. பதினாறாவது ஆடு முடிந்ததும் அம்மா எழுந்து, மடி துடைக்கும் துணியை வெந்நீரில் அலசி, வாளித் தண்ணீரை மாற்றி, கை கழுவி, ஒரு தம்ளர் தேநீர் குடிப்பார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். ஆக, முதல் பதினாறு ஆடுகளுக்கு ஒரே துணி, ஒரே தண்ணீர். வரிசையில் முதலில் ஏறுவது காது எண் 07. அதை நாங்கள் 'தலைவி' என்போம். அதன் இடது மடியை அழுத்திப் பார்த்தேன். உள்ளே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி இருந்தது. பால் பார்வைக்கு வெள்ளையாகத்தான் வந்தது. குறிப்பேட்டைப் புரட்டினால், அந்தப் பக்கத்துப் பால் இரண்டு வருடமாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அளவை எழுதியவள் நான். எழுதினேனே தவிர, பார்க்கவில்லை.

9. தலைவியை முதலில் கறப்பது எங்கள் வீட்டு வழக்கம். தலைவி ஏறினால்தான் மற்றவை ஏறும் என்பது ஒரு காரணம். அம்மாவுக்கு அதன் மீது உள்ள பிரியம் மற்றொன்று. முதல் ஈற்றிலேயே அது இரட்டைக் குட்டி போட்டது; வெள்ளம் வந்த வருடம் பட்டி முழுவதையும் மேட்டுக்கு அழைத்துச் சென்றது. ஆகவே வரிசையை மாற்றி எழுதிய தாளைக் கணிதப் புத்தகத்திற்குள் வைத்து, ஒரு நாள் முழுவதும் யாரிடமும் காட்டாமல் இருந்தேன். மறுநாள் காட்டினேன். அம்மா விரலால் எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். பதினான்கில் நிறுத்தினார். "நோய் அவளுக்கு. ஆனா ஒவ்வொண்ணுக்கா கொண்டுபோய்க் குடுத்தது என் கைதான்டி" என்றார். அன்று தேநீர் குடிக்கவில்லை.

10. மறுநாள் காலையிலேயே வேலை முறையை மாற்றினோம். கையேட்டின்படி, நோயில்லாதவை முதலில், சந்தேகமானவை பிறகு, தலைவி கடைசியில். காகிதத்தில் இது எளிது. தலைவியைத் தட்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தோம். ஒரு ஆடும் நகரவில்லை. முப்பத்து மூன்றும் மேடையைப் பார்க்காமல் தட்டியைப் பார்த்தன. தலைவி தட்டியை முட்டிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் போயிற்று. "மகாராணி வராம சபை கூடாது போல" என்று அக்கா சொன்னார். எனக்குப் பள்ளிப் பேருந்து போய்விட்டது.

11. மாலையில் அம்மா வேறொன்று செய்தார். தலைவியை வழக்கம்போல் முதலில் மேடையேற்றினார். ஒரு கை தானியம் வைத்தார். மடியைத் தொடவே இல்லை. அது தின்று முடித்ததும் மறுபக்கம் இறக்கித் தனித் தட்டி அடைப்பில் விட்டார். அதன் பின்னால் நோயில்லாதவை தாமாகவே ஏறின; அக்கா கதவருகே தடுத்து வைத்த சிவப்பு வில்லை ஆடுகள் பத்தும் அவற்றுக்குப் பிறகு ஏறின. எல்லாம் முடிந்த பின் தலைவி மீண்டும் ஏறி, கடைசியாகக் கறக்கப்பட்டது. அந்தப் பாலைத் தனியே கொட்டினோம். இப்போது தனக்கு வேளைக்கு இரண்டு கை தானியம் உரிமை என்று அது முடிவு செய்துவிட்டது. பட்டியில் எடை கூடியிருக்கும் ஒரே ஆடு அதுதான்.

12. மற்ற மாற்றங்களையும் சுருக்கமாகத் தெரிவிக்கிறேன். ஒரு ஆட்டுக்கு ஒரு துணி என முப்பத்து நான்கு துணிகள் தயாராயின; ஒவ்வொரு வேளையும் கொதிநீரில் போடுகிறோம். கறந்தவுடன் காம்பு முனையை மருந்தில் நனைக்கிறோம். முன்பு தீவனத்தைக் கறவைக்கு முன்பே போட்டுவிடுவோம். வயிறு நிறைந்த ஆடு கறந்ததும் படுத்துக்கொள்ளும். காம்பின் துவாரம் மூட அரை மணி நேரம் ஆகும். அதற்குள் படுத்தால் தரையில் உள்ள அழுக்கு உள்ளே போய்விடும் என்று படித்தேன். ஆகவே இப்போது பசுந்தீவனத்தைக் கறவைக்குப் பிறகு கொடுக்கிறோம். அவை நின்றுகொண்டே தின்கின்றன. ஓடைக்கரைப் புல்லை அறுக்கப் பக்கத்து வீட்டு அண்ணன் அனுமதித்தார். பழைய வைக்கோலில் இல்லாத வைட்டமின் ஈ பச்சைப் புல்லில் உண்டு. மடி நோயை எதிர்க்க அது தேவை. செலினியமும் தேவைதான். ஆனால் அளவு மீறினால் அதுவே நஞ்சு என்பதால் நாங்களாக எதையும் கலக்கவில்லை. செம்மறிக்கான மூட்டைக்காகவே காத்திருக்கிறோம். தானியத்தை ஒரேயடியாகக் கூட்டாமல் வாரத்துக்கு ஒரு பிடி என்று கூட்டினோம்.

13. கால்நடை மருந்துக் கடையில் சோதனைக் கரைசல் வாங்கி, 29-5, 5-6, 12-6, 18-6 ஆகிய நான்கு நாட்கள் சோதித்தேன். தட்டு ஆய்வாளரின் தட்டு அன்று; நான்கு சிறு கிண்ணங்களைப் பலகையில் ஒட்டியது. பதினோரு ஆடுகளில் முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. அக்கா கிண்ணங்களைக் கழுவி வைத்தார். இரண்டாம் வாரம் மூன்று ஆடுகளின் பால் கெட்டியாகவில்லை. மூன்றாம் வாரம் ஐந்து. நேற்று ஏழு. மேலும் மூன்று ஆடுகளின் பாலில் அடியில் மட்டும் லேசான இழை தெரிகிறது. தலைவியின் இடது பக்கம் மாறவே இல்லை. நான்கு வாரமும் கஞ்சிதான். எனக்குச் சாதகமான எண்களை மட்டும் எழுதவில்லை என்பதற்குக் குறிப்பேட்டின் ஒன்பது பக்கங்களை நகலெடுத்து இணைத்துள்ளேன். புதிதாக எந்த ஆட்டுக்கும் நோய் வரவில்லை.

14. நான் பயிற்சி பெற்றவள் அல்ல என்பதையும், ஒட்டுக் கிண்ணச் சோதனையை வைத்துத் தாங்கள் ஆணையை மாற்ற இயலாது என்பதையும் அறிவேன். ஆனால் மறுபரிசோதனைக்குத் தேதி கேட்டு அம்மா தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, அடுத்த மாதம் 8-ஆம் தேதிதான் ஆள் வர இயலும் என்று முகப்பில் இருந்த அம்மையார் கூறினார். இம்மாதம் 30-ஆம் தேதிக்குள் ஆடுகளை விற்காவிட்டால் எங்கள் பதிவு எண் நீக்கப்படும். அதாவது, நோய் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வரும் நாளில் பார்ப்பதற்கு ஆடு இருக்காது. இறைச்சி வியாபாரி ஏற்கெனவே ஒரு முறை வந்து வில்லைகளை எண்ணிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். "அடுத்த வாரம் வண்டி கொண்டு வரேன்மா, நீங்க மனசத் தேத்திக்குங்க" என்றார். தலைவி அவர் சட்டைப் பையில் தானியம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தது.

15. எனவே தங்களிடம் நான் கேட்பவை வருமாறு:

(அ) ஆணையின் கெடுவை மறுபரிசோதனை முடியும் வரை தள்ளிவைக்க வேண்டும். அல்லது 30-ஆம் தேதிக்கு முன் ஆய்வாளரை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ஆட்டின் இரண்டு பக்கங்களையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். நல்ல பால் என்று உறுதியாகும் ஆடுகளின் சிவப்பு வில்லையை அகற்ற வேண்டும்.

(ஆ) "பெற மறுத்தார்" என்ற வரிக்குப் பக்கத்தில், எதை மறுத்தார், ஏன் மறுத்தார் என்பதையும் எழுத வேண்டும். அந்த வரியை அழிக்க நான் கேட்கவில்லை. அம்மா மறுத்தது உண்மை.

(இ) செம்மறிக்கான தாதுஉப்புக் கலவையை மீண்டும் அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். எங்களைப் போல் இன்னும் ஆறு வீட்டார் செம்மறி வளர்க்கிறார்கள். அவர்களில் இரண்டு வீட்டார் மாட்டுக் கலவையை வாங்கிச் சென்றுவிட்டதாக அறிந்து, சாக்கில் இருந்த எச்சரிக்கையைக் காட்டி வந்தேன். அவர்கள் நிறுத்திவிட்டார்கள். முடிந்தால் மூட்டை மாமாவின் பதிவேட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைய உத்தரவிட வேண்டும்.

(ஈ) காது எண் 07-ஐப் பொறுத்தவரை, அதன் மடி சரியாகும் என்று நான் வாதிடப் போவதில்லை. பாலை வற்றச் செய்துவிட்டு, இனி அதைக் கறவைக் கணக்கில் சேர்க்காமல், மேடைக்கு வழிகாட்டும் ஆடாக மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி கோருகிறேன். அதன் இடம் தனித் தட்டி. அதன் மடியை யாரும் தொடமாட்டோம். தங்கள் படிவத்தில் 'கறவை', 'சினை', 'குட்டி', 'அகற்றத்தக்கது' என்ற நான்கு பிரிவுகள்தான் உள்ளன. முதலில் ஏறும் ஆட்டுக்கு அதில் இடம் இல்லை. இருந்தும் அந்த ஆடு இல்லாவிட்டால் மற்ற முப்பத்து மூன்றுக்கும் கறவை இல்லை என்பதை முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன். அது இருப்பதே ஆபத்து என்று தாங்கள் நேரில் பார்த்துத் தீர்மானித்தால், அம்மா ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் வேறொரு ஆட்டை முதலில் ஏறப் பழக்க எங்களுக்குச் சில வாரங்கள் வேண்டும். காது எண் 19-ஐப் பழக்கிப் பார்க்கிறோம். அதற்கு இன்னும் தைரியம் போதவில்லை.

இந்த மனுவைத் தங்கள் கையில் சேர்க்க, பள்ளி விட்டதும் நானே இரண்டாம் தளத்துக்கு வருகிறேன். பதில் கிடைக்க எத்தனை நேரம் ஆனாலும் வெளி வராந்தாவில் காத்திருக்க இயலும். வீட்டுப்பாடத்தைக் கொண்டு வருகிறேன். ஏழு ஆடுகள் ஏற்கெனவே தேறிவிட்டன என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு எழுதத் துணிந்தேன். தாங்கள் ஒரு முறை தட்டைச் சுழற்றிப் பார்த்தால் போதும்.

இணைப்பு: கறவைக் குறிப்பேடு (ஒன்பது பக்க நகல்), சாக்குத் துண்டு (ஒன்று), கையேட்டின் பதினான்காம் பக்கம்.

இடம்: பட்டி வாசல்
நாள்: 19-6

இப்படிக்கு, தங்கள் முடிவை ஆவலுடன் எதிர்நோக்கும்,
பதிவு எண் 212-இன் இளைய மகள்
(கையொப்பம்)

இதன் கீழ் உரிமையாளர் எழுதுவது: என் மகள் இதை முழுவதும் வாசித்துக் காட்டினாள். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் படித்தேன். எல்லாம் உண்மை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். முப்பத்து நான்கு துணிகள் "தயாராயின" என்று எழுதியிருக்கிறாள். தன் போன வருடத்துப் பள்ளிச் சீருடை இரண்டையும் வெட்டித் தைத்தவள் அவள்தான். ஆய்வாளரைக் காலை ஐந்தரைக்கு அனுப்பி வையுங்கள். தலைவி முதலில் ஏறுவாள்; அவளைத் தொடாமல் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். மற்றவை பின்னாலேயே வரும்.

(கையொப்பம்)
பதிவு எண் 212